சுளிக்காத முகம்

"கீழ விழுந்தா அவருக்கு மட்டும் ஏம்மா வலிக்கவே மாட்டேங்குது?"

ஏழு வயது ஷைனி இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தொலைக்காட்சியில் 'நட்சத்திரக் களம்' ஓடிக்கொண்டிருந்தது. சினிமா நடிகர்கள் கபடி ஆடும் போட்டி. கதாநாயகன் விதுரன் பாடிப் போனபோது எதிரணியில் நாலு பேர் சேர்ந்து அவனை அள்ளித் தூக்கித் தரையில் குத்தினார்கள். தோள்பட்டை முதலில் இறங்கியது. வீட்டுக்குள்ளேயே 'தொம்' என்று கேட்டது. விதுரன் எழுந்தான், முடியைக் கோதினான், கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

ஷைனியின் முழங்காலில் பிளாஸ்திரி இருந்தது. அன்று காலைதான் ஞாயிறு பள்ளி முற்றத்தில் ஓடி விழுந்து, அரைமணி நேரம் அழுதிருந்தாள்.

"அவரு நடிகர்லா, நடிக்காரு" என்றான் அவள் அப்பா ஜெபராஜ்.

"நடிக்கவங்க வலிக்காதப்போ வலிக்க மாதிரிதான நடிப்பாங்க? இது தலைகீழால்லா இருக்கு."

ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தான். அம்மா தேவகிருபையால் சிரிக்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சான்று எழுதிக் கொடுத்தவளே அவள்தான். குடும்பப் பார்வை வாரியத்தில் மூத்த உறுப்பினர். அதன் பதினான்கு பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினான்கு பகுதிகளில் எத்தனை விழுகை! ஒரு முகமாவது சுளித்ததா? அவளுக்குத் தோன்றாத கேள்வி ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

அதைவிட அவளைக் குத்திய விஷயம் வேறு. முகம் சுளிக்கக் கூடாது என்ற விதியே அவள் எழுதியதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு போட்டியில் வயதான நகைச்சுவை நடிகர் ஒருவர் கயிற்றிலிருந்து விழுந்து முழங்கை ஒடிந்தது. அந்த மனிதர் துடித்த முகத்தை மெதுவாக்கி, பின்னணியில் கோமாளி இசை போட்டு, ஏழு தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அரங்கம் சிரித்தது. தெருவில் பிள்ளைகள் அந்த முகத்தைச் செய்து காட்டி விளையாடினார்கள். கிருபைக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு மனிதனின் வேதனை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானா? வாரியத்தில் தனியாளாக நின்று வாதாடி, 'குடும்ப நேரத்தில் வலியால் சுளிக்கும் முகமோ வலியைக் குறிக்கும் சொல்லோ காட்டப்படலாகாது' என்று விதி கொண்டுவந்தாள். சபையில் பெண்கள் ஐக்கியம் அவளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. இனி யாரையும் விழவைக்க மாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

விழவைப்பதை யாரும் நிறுத்தவில்லை. முகங்கள்தான் சுத்தமாகிவிட்டன.

மறுநாள் காலையில் வாரியத் தலைவர் சபாபதியின் மேசைக்கு முன்னால் நின்றாள். சனிக்கிழமை நடக்கப்போகும் இறுதிப் போட்டிக்கு முன்சான்று வேண்டும் என்ற விண்ணப்பம் அங்கே கிடந்தது.

"கிருபை மேடம், படிவத்துல ஆறு கட்டம். ரத்தம், அழுகை, அலறல், வசை, ஆபாசம், முகச்சுளிப்பு. ஆறுலயும் பூஜ்யம். இதைவிடச் சுத்தமான நிகழ்ச்சி இந்த நாட்டுலயே கிடையாது. பக்திப் படத்துலகூடத் தலையை வெட்டுறாங்க" என்றார் அவர்.

"விழுந்தவருக்கு ஏன் வலிக்கலன்னு ஒரு கட்டம் இல்லையே சார்."

"இருந்தா அதை யாரு நிரப்புறது? திரையில தெரியுறதைப் பாக்குறதுதான் நம்ம வேலை. திரைக்குப் பின்னாடி பாக்க ஆரம்பிச்சா, அப்புறம் ஒரு நிகழ்ச்சியும் பாக்க முடியாது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவளோடு கூடவே வந்தது. படப்பிடிப்புத் தளத்தைப் போய்ப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. புதன்கிழமை காலை அவள் திருப்போரூர் சாலையில் பேருந்து ஏறினாள்.

படப்பிடிப்புத் தளத்தில் அவளை வரவேற்றவன் நிரஞ்சன். நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளர், முப்பது வயதுக்காரன். அவள் பெயரைக் கேட்டதும் இரண்டு கையையும் கூப்பினான்.

"தேவகிருபை மேடமா? மேடம், நாங்கள்லாம் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்க அந்த விதி போடலைன்னா இந்த மிஷினே வந்திருக்காது."

"எந்த மிஷின் தம்பி?"

அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தான். நடிகர்களுக்குக் கபடி எங்கே தெரியும்? ஆறு மாதம் பயிற்சி கொடுக்க அவர்களிடம் தேதி ஏது? அதனால் தேர்ந்த விளையாட்டுக்காரர் ஒருவரின் ஆட்டத்தை இரவல் வாங்குகிறார்கள். அவர் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து மனதுக்குள் ஆடுவார். பிடரியில் கட்டிய பட்டை அந்த ஆட்டத்தை நடிகரின் தசைகளுக்கு அனுப்பும். களத்தில் நடிகர் ஆடுவார்.

"சரி. விழுந்தா?"

"உள்ளே கவசம் போட்டிருக்காங்க, எலும்பு ஒடியாது. ஆனா அடி அடிதானே, நரம்பு கத்தத்தான் செய்யும். கத்தினா முகம் சுளிக்கும். முகம் சுளிச்சா உங்க சான்று போயிரும்." அவன் சிரித்தான். "அதனால அந்த வலியைப் பட்டை வழியிலேயே பிடிச்சு மிஷின்ல வச்சுக்குது. நடிகருக்கு ஒண்ணுமே தெரியாது. பூ மேல விழுந்த மாதிரி எந்திரிப்பாரு."

"மிஷின்ல வச்சு?"

"அன்னைக்கே இறக்கிரணும் மேடம். இல்லைன்னா நடிகருக்கே திரும்பிரும்."

"எங்க இறக்குவீங்க?"

அவன் முதன்முறையாகக் கொஞ்சம் தயங்கினான். "இரவல் குடுத்தவங்ககிட்டதான். ஒப்பந்தத்துலயே இருக்கு. வலியைச் சும்மா காத்துல விட முடியாது மேடம், ஒரு மனுஷ நரம்புல இறங்கினாத்தான் தீரும். வேற வழி இன்னும் கண்டுபிடிக்கல."

"தேடினாங்களா?"

"தேவைப்படல."

கிருபை அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்தப் பையனிடம் கொடூரம் எதுவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற முகம்தான் அது. அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

"அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகாது மேடம், உடம்புல ஒரு கீறல் விழாது. அவங்க வேண்டாம்னு போனாலும் வேற ஆளு. மிஷினுக்கு ஆள் அடையாளமெல்லாம் கிடையாது. பட்டையக் கட்டுனவங்க யாரோ, அவங்களுக்கு இறக்கும்."

விதுரனுக்காக ஆடுகிறவள் உணவறையில் இருப்பதாகச் சொல்லி அவளை அங்கே விட்டுவிட்டு அவன் போனான்.

தட்டில் சோற்றைக் குன்றாகக் குவித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். வலது முழங்காலைச் சுற்றிப் பழைய அறுவைத் தழும்பு.

"உக்காருங்க. சோறு வேணுமா? குழம்பு சுமாரு, ரசம் நல்லாருக்கு."

பேச்சைக் கேட்டதும் கிருபையின் நாக்கும் தன் ஊருக்குத் திரும்பியது. "நீ தென்காசிப் பக்கமாம்மா?"

"சங்கரன்கோவில். அக்கா?"

"நாசரேத்து."

"அட, நம்மூருப் பக்கம்தான்! இங்க எல்லாரும் நான் பேசினா சிரிக்காங்கக்கா." அவள் பெயர் பேச்சியம்மாள். மாநில அணியில் நான்கு வருடம் ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததும் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். "கால் போச்சு, ஆட்டம் போகலயே. மண்டைக்குள்ள அப்படியே இருக்கு. இவங்க வந்து கேட்டதும் சரின்னுட்டேன்."

"இவ்வளவு சோறா சாப்பிடுவே?"

"இப்பவே சாப்பிட்டாத்தான் உண்டு. காலையில ஒத்திகைலா, ஆறு விழுகை. போய் நாற்காலில உக்காந்துட்டா நாளைக்கு வரை சோறு இறங்காது. படப்பிடிப்பு முடிஞ்சதும் எனக்கு அரைமணி நேரம் தருவாங்க, அதுல நல்லா கட்டிருவேன்." அவள் விரலை வழித்தாள். "அவருக்கு முடி கலையக் கூடாதாம். அதுக்கு எனக்கு முதுகெலும்பு கலையுது."

"வேண்டாம்னு போயிரலாம்லா?"

பேச்சியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவரு கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பும்போது ஒரு துள்ளு துள்ளுவாரு பாத்திருக்கீங்களா? அது என் துள்ளு. ஊரே அவரு பேரச் சொல்லிக் கத்தும். கத்தட்டும். கால் என்னுதுன்னு எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்துக்கு நான் திரும்பவும் ஆட்டக்காரிக்கா."

"பொறவு?"

"பொறவுதான் கஷ்டம். காயம் இருந்தா நாலு பேருட்ட காட்டிரலாம். எனக்குக் காட்ட ஒண்ணுமே இல்ல. டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. லீவு கேட்டா ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு லீவுங்காங்க. எங்கம்மா ஊர்ல சொல்லுதா, 'எம்மவளுக்கு என்ன, ஏசி ரூம்ல நாற்காலில உக்காந்துருக்கா'ன்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அக்கா, நீங்க வாரியம்தான? எம் பேரெல்லாம் போட வேண்டாம். கடைசில ஒரு வரி மட்டும், 'இதில் ஒருவருக்கு வலித்தது'ன்னு போடச் சொல்வீங்களா? எங்கம்மா வாசிப்பா."

அவள் கை கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கிருபையும் கூடவே போனாள். சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு பெட்டி. பெட்டியில் 6 என்ற எண் ஒளிர்ந்தது. பேச்சியம்மாள் தானே பட்டையைப் பிடரியில் கட்டிக்கொண்டாள், தானே பொத்தானை அமுக்கினாள்.

நாற்பது நிமிடம். கிருபை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு முறையும் அந்தக் கை அவள் விரல்களை நொறுக்கியது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று பேச்சியம்மாள் துண்டைக் கடித்துக்கொண்டாள். பதினான்கு பகுதிகளில் பூஜ்யம் பூஜ்யம் என்று கிருபை எழுதிக்கொடுத்த முகச்சுளிப்பு முழுவதும் இந்த ஒரு முகத்தில் இருந்தது.

பேருந்தில் திரும்பி வரும்போது அவள் ஜெபிக்க முயன்றாள். வார்த்தை வரவில்லை. கோபம்தான் வந்தது. நிரஞ்சன் மேல், விதுரன் மேல், சபாபதி மேல். கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தன்மேலேயே வந்து நின்றது. வலியைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்றுதானே எழுதினாள்? வலிக்கக் கூடாது என்று எழுத ஏன் தோன்றவில்லை?

வெள்ளிக்கிழமை வாரியம் கூடியது. ஐந்து உறுப்பினர்கள். கிருபை பார்த்ததையெல்லாம் சொன்னாள். எல்லோரும் வருத்தமாகத்தான் கேட்டார்கள். ஒரு பேராசிரியர் உச்சுக்கொட்டினார்.

"ஆனாலும் மேடம், அந்தப் பொண்ணு சம்மதிச்சுத்தானே செய்யுது?" என்றார் அவர். "குழந்தைங்க பாக்குறதுல என்ன கெடுதல்? அதுதானே நம்ம கேள்வி."

"அதுதான் சார் கெடுதல்!" கிருபையின் குரல் அந்த அறையில் அதுவரை அவ்வளவு உயர்ந்ததில்லை. "விழுந்தவனுக்கு வலிக்காதுன்னு வாரா வாரம் சொல்லிக் குடுக்கோம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை விழுந்தா, இன்னொரு பிள்ளை எதுக்கு ஓடிப்போய்த் தூக்கணும்? அந்தப் பழைய நிகழ்ச்சி அசிங்கம்தான். ஆனா அதுல ஒரு மனுஷனுக்கு வலிச்சுதுன்னாவது பிள்ளைக பாத்துச்சு. அதைப் பாத்து என் மக அழுதா. இப்ப கை தட்டுறா. எது சார் குடும்பத்தோட பாக்கத் தகுந்தது?"

சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க விதியை மீறி அவங்க ஒண்ணும் செய்யலையே மேடம்."

"அந்த விதி தப்பு. எழுதினவ நான். எடுத்துருங்க."

"எடுக்கலாம். திருத்தம் கொண்டுவாங்க, ஆறு மாசம் ஆகும். நாளைக்கு நடக்கப்போற போட்டிக்கு இப்ப இருக்குற விதிதான்."

"அப்போ அந்த ஒரு வரியாவது. 'இதில் ஒருவருக்கு வலித்தது.' அதைப் போட்டாத்தான் சான்றுன்னு எழுதுங்க."

சபாபதி உண்மையாகவே வருந்திச் சொன்னார். "வலின்னு ஒரு சொல் திரையில வந்தா உங்க விதிப்படி அது குடும்ப நிகழ்ச்சி ஆகாதே மேடம்."

நாலுக்கு ஒன்று. கிருபை கையெழுத்துப் போட மறுத்தாள். சபாபதி போட்டார். அவளுடைய மறுப்புரை கோப்பில் பின்னால் சேர்க்கப்பட்டது, யாரும் புரட்டாத இடத்தில்.

சனிக்கிழமை மத்தியானம் இறுதிப் போட்டி. வாரியத்தின் பார்வையாளராக ஒருவர் போக வேண்டும். கிருபை போனாள். முன்வரிசையில் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல ஜனங்கள். பக்கத்தில் இருந்த அம்மா தன் மகனுக்கு வாங்கிய கடலை மிட்டாயில் பாதியை ஒடித்து, முன்பின் தெரியாத கிருபைக்கும் நீட்டினாள். இவர்கள் யாருக்காவது பின்னறைக் கதவு திறந்து காட்டினால், ஒருவராவது உட்கார்ந்திருப்பார்களா? எழுந்து ஓடியிருப்பார்கள். திறந்து காட்டாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு வெளிச்சம்.

அவள் விழுகைகளை எண்ணினாள். விதுரன் அன்று வெறிகொண்டு ஆடினான். ஆடியது வேறொருத்தி என்பது அவளுக்குத் தெரியும். துள்ளித் திரும்பிய ஒவ்வொரு முறையும் கிருபைக்கு உடம்பு சிலிர்த்தது. அவளை அறியாமல் ஒரு தடவை கை தட்டிவிட்டாள். விழுந்தபோதெல்லாம் கண்ணை மூடாமல் பார்த்தாள். பத்தொன்பது.

கோப்பை கொடுத்தார்கள். வண்ணத் தாள் பறந்தது. குழுப் படம் எடுக்க எல்லோரையும் களத்துக்குக் கூப்பிட்டார்கள். மிஷினை இயக்குகிறவர்கள்கூட ஓடினார்கள். கிருபை எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

பின்னறையில் யாரும் இல்லை. நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. பேச்சியம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். பெட்டியில் 19 ஒளிர்ந்துகொண்டிருந்தது. அருகே ஒரு திருகு, மெதுவாக என்றும் வேகமாக என்றும் இரண்டு முனைகள். இருப்பது அரைமணி நேரம். அவள் வேகமாக என்ற பக்கம் திருப்பினாள்.

கைப்பையை ஓரமாக வைத்தாள். செருப்பைக் கழற்றினாள், ஆலயத்துக்குள் நுழைகிற பழக்கம். பட்டையைப் பிடரியில் கட்டினாள். "ஆண்டவரே, கூட இரும்" என்று மட்டும் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள்.

முதல் அடி தோளில் இறங்கியது. வலிக்கும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தாள். இது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. மூச்சு எங்கோ போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் இரண்டாவது இடுப்பில். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்தாள். ஐந்தாவதில் கழற்றி எறிந்துவிடலாம் என்று கை போனது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வயது, மாடிப்படி ஏறினாலே மூட்டு பிடிக்கும் உடம்பு. இதற்குப் பழக்கமே இல்லை. பேச்சியம்மாளுக்கு மட்டும் பழக்கமா? வாரத்துக்கு எத்தனை முறை? ஒன்பது. பத்து. எண்ணிக்கை கலைந்தது. கண்ணீர் தானாக ஓடியது. உதடு கோணி, நெற்றி சுருங்கி, பல் கிட்டிப்போய், பிள்ளைகள் பார்க்கலாகாது என்று அவள் தடுத்திருந்த முகம் இப்போது அவளுடையதாக இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

பெட்டியில் 0 வந்தபோது அவளுக்கு உடனே தெரியவில்லை. வெகுநேரம் அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.

பட்டையைக் கழற்றி, படிந்த வியர்வையைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டி வைத்தாள். திருகை மெதுவாக என்ற பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள். செருப்பைப் போடக் குனிய முடியவில்லை, காலாலேயே தேடி மாட்டிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கினாள். உணவறை ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே இருந்து குரல் கேட்டது.

"அண்ணே, இன்னும் ரெண்டு அப்பளம் போடுங்கண்ணே. இன்னைக்குப் பத்தொன்பதுலா, தாங்கணும்லா!"

பரிமாறுகிறவர் ஏதோ சொல்ல, அவள் உரக்கச் சிரித்தாள்.

கிருபை நிற்கவில்லை. சாலைக்கு வந்தபோது தாம்பரம் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினாள், நின்றது. உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பேருந்து தூக்கிப் போட்டது. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.